புரோக்னோஸ்டிக் மார்க்கர்: நோய்ப்போக்கு காட்டி

'புரோக்னோசிஸ்' கிரேக்கச் சொல். 'புரோ' என்பது முன். 'க்னோசிஸ்' என்பது அறிதல். வந்திருக்கும் நோய் இன்னதென்று பிரித்தறிவது டயக்னோசிஸ் என்றால், அந்த நோய் இனி எந்த வழியில் செல்லும் என்று முன்கூட்டி அறிவது புரோக்னோசிஸ். சித்த மருத்துவ நூல்கள் நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் என்று பிரிப்பதும் ஏறக்குறைய இந்த அறிவைப் பற்றியதே.

தமிழில் இதற்கு 'முன்கணிப்பு' என்ற சொல் பரவலாக வழங்குகிறது. அந்தப் போக்கைக் காட்டும் அடையாளமான மார்க்கருக்குக் 'குறி', 'குறிப்பான்' என்பவை உள்ளன. எனக்கு இவற்றில் ஒரு தயக்கம் உண்டு. கணிப்பது என்றதும் ஜாதகமும், குறி என்றதும் குறி சொல்பவரும் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. நோயுற்ற குழந்தையின் பெற்றோர் காதில் அந்தச் சாயலோடு விழுந்தால், சொல் ஒரு தீர்ப்பாகிவிடும்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் லூகேமியாவுக்கு. வெண்மையைக் குறிக்கும் 'லூகோஸ்', குருதியைக் குறிக்கும் 'ஹைமா' ஆகிய சொற்களை இணைத்து ருடால்ஃப் விர்ச்சோ 1847-இல் இட்ட பெயர் இது. பொதுவாக இரத்தப் புற்றுநோய் என்கிறோம் என்றாலும், மைலோமா (எலும்பு மச்சையில் தோன்றும் வேறொரு புற்றுநோய்) போன்றவையும் அதில் அடங்கிவிடுவதால் 'வெண்குருதிப் புற்றுநோய்' என்பதே துல்லியம்.

இந்நோயுற்ற குழந்தையின் எலும்பு மச்சைப் பரிசோதனை அறிக்கையில் 'ஈடிவி6–ரன்எக்ஸ்1 பாசிட்டிவ்' என்றொரு வரி இருக்கலாம். 'பாசிட்டிவ்' என்பதைப் பார்த்ததும் பெற்றோர் கலங்குவது இயல்பு. உண்மையில் அது ஆறுதலான வரி. 12-ஆம், 21-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதால் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டு மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான குறிப்பைக் கொண்டுசெல்வது) நலமான செல்லில் இராது. ஆய்வகத்தில் அந்த ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றி, பி.சி.ஆர். முறையில் பலமடங்கு பெருக்கிக் கண்டறிகிறார்கள். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் லூகேமியா வகையான பி வகைக் கடுமை நிணச்செல் லூகேமியா கண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையில் நன்றாகத் தேறுகிறார்கள்.

இதற்கு நேர்மாறாக இருந்தது பிசிஆர்–ஏபிஎல்1 என்னும் ஒட்டு ஆர்.என்.ஏ. (பெயர் ஒத்திருப்பினும் மேற்சொன்ன பி.சி.ஆர். வேறு, இது வேறு.) 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதால் உருவாகும் பிலடெல்பியா குரோமோசோமிலிருந்து பிறக்கும் இது, நோய் மோசமாகவே செல்லும் என்பதன் அடையாளமாக நெடுங்காலம் கருதப்பட்டது. அந்த ஆர்.என்.ஏ. உண்டாக்கும் ஒட்டுப் புரதத்தைத் தடுக்கும் இமாடினிப் வகை மருந்துகளைக் கீமோதெரபியுடன் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபின், அதே ஆர்.என்.ஏ. உள்ள குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாக உயர்ந்தது. ஆர்.என்.ஏ. மாறவில்லை, நோயின் போக்குதான் மாறியது. எந்த மருந்து பலிக்கும் என்று சொல்லும் அடையாளமாகவும் அது ஆகிவிட்டது. அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'பிரெடிக்டிவ்' என்று தனிச்சொல் உண்டு. 'முன்கணிப்பு' என்றே இரண்டையும் எழுதினால் வேறுபாடு தொலைந்துபோகும்.

ஆகவே புரோக்னோசிஸை 'நோய்ப்போக்கு அறிதல்' என்றும், புரோக்னோஸ்டிக் மார்க்கரை 'நோய்ப்போக்கு காட்டி' என்றும், பிரெடிக்டிவ் மார்க்கரை 'மருந்துப்பயன் காட்டி' என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து. ஆறு போக்கு மாறுவதுபோல நோயும் மாறும் என்பதற்குப் 'போக்கு' என்ற சொல்லிலேயே இடம் இருக்கிறது. 'காட்டி'யும் புதிதன்று. திசைகாட்டி, வழிகாட்டி என்று புழங்கியதுதான். அவற்றைப் போலவே இரண்டாம் வேற்றுமைத் தொகையாதலால் இதிலும் வல்லினம் மிகாது.

இப்போது ஆய்வாளர்களின் கவனம் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் மீதும் திரும்பியிருக்கிறது. ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு நீளமே கொண்ட இந்தக் 'குறு ஆர்.என்.ஏ.'க்கள் புரதம் எதையும் உண்டாக்குவதில்லை, தூது ஆர்.என்.ஏ.வோடு பொருந்தி, அதன் வேலையை அடக்குகின்றன. இவற்றைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் 2024-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ.-155 போன்றவற்றின் அளவுக்கும் லூகேமியாவின் போக்குக்கும் உள்ள தொடர்பு ஆராயப்படுகிறது. ஆயினும் குழந்தைகளை ஆபத்து நிலைப்படி பிரிப்பதற்கு மருத்துவர்கள் இன்றும் நம்புவது வயது, வெள்ளணு எண்ணிக்கை, மரபணு மாற்றம், சிகிச்சைக்குப்பின் எஞ்சும் நோய்ச்செல் அளவு ஆகியவற்றையே. எனவே குறு ஆர்.என்.ஏ.க்களைப் பற்றி எழுதும்போது, 'நோய்ப்போக்கு காட்டியாகக்கூடியவை' என்று எழுதுவதே இப்போதைக்குச் சரி.