பழைய புல்லட்டுக்கு ஸ்பார்க் தேடி

திருவொற்றியூர் ஃபேக்டரியில் செய்த பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 வைத்திருப்பவர்கள் என்றாவது ஒரு நாள் பாயின்ட், கண்டென்சர், காயில் என்று பிளக்கில் பொறி வரவைக்கும் பார்ட்டுகளைக் கேட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியிருப்பார்கள். சென்னை என்றால் புதுப்பேட்டை, டெல்லி என்றால் கரோல்பாக். பார்ட் கிடைக்காமல் போவது அபூர்வம்தான், ஆனால் கையில் தருவது நம் வண்டிக்கு ஒத்துவருமா என்பதுதான் சிக்கல். இதில் எதை அச்சு அசலாகத் தேட வேண்டும், எதை வேறு வண்டியிலிருந்து தைரியமாக எடுத்துப் போடலாம் என்று தெரிய, அந்தப் பார்ட் உள்ளே என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

பேட்டரியில் இருப்பது 6 அல்லது 12 வோல்ட். பிளக்கில் பொறி பறக்கப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். காயிலுக்குள் ஒரே இரும்பு மையத்தைச் சுற்றி இரண்டு சுற்றுகள்: தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. பாயின்ட் என்பது எஞ்சின் சுழலச் சுழலத் திறந்து மூடும் ஒரு சுவிட்ச். அது மூடியிருக்கும்போது தடித்த கம்பியில் கரன்ட் ஓடி காந்தப்புலம் உண்டாகிறது. பாயின்ட் திறந்ததும் கரன்ட் அறுந்து காந்தப்புலம் சரிகிறது, அந்தச் சரிவுதான் மெல்லிய கம்பியில் 10,000, 20,000 வோல்ட்டைக் கிளப்புகிறது. சார்லஸ் கெட்டரிங் 1910 மாடல் கேடிலாக் காருக்குச் செய்துகொடுத்த ஏற்பாடு இது, புல்லட்டில் இருப்பதும் அதேதான்.

எல்லாம் சரி, கண்டென்சர் எதற்கு? ஓடிக்கொண்டிருக்கும் கரன்ட் சட்டென்று நிற்காது, பாயின்ட் விலகும்போது அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாயப் பார்க்கும். அப்படிப் பாய்ந்தால் சக்தி அங்கேயே எரிந்துபோகும், காந்தப்புலமும் மெதுவாகத்தான் சரியும், பிளக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. பாயின்ட் போதுமான அளவு விலகும்வரை அந்தக் கரன்ட்டைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்வது கண்டென்சர். இந்தத் தந்திரத்தை ஃபிரெஞ்சு விஞ்ஞானி ஃபிஸோ 1853லேயே கண்டுபிடித்துவிட்டார், அப்போது மோட்டார் சைக்கிளே கிடையாது!

ஆக கண்டென்சருக்கு வேண்டியது சுமார் 0.2 மைக்ரோஃபாரட், சில நூறு வோல்ட் தாங்கும் தெம்பு, அவ்வளவுதான். கார் கண்டென்சர் வேலை செய்யும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பிளாஸ்டிக் ஃபிலிம் வகை வாங்கி எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி வைத்தால் இன்னும் நல்லது. 'பிரிக்காத பழைய ஒரிஜினல்' என்று யாராவது அந்தக் காலத்துக் கண்டென்சரை விற்றால் மட்டும் வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் காகித இன்சுலேஷன் டப்பாவில் சும்மா கிடந்தாலே கெடும். பாயின்ட்டைத் திறந்து மூடும்போது பளிச்சென்று பெரிய பொறி தெரிந்தாலோ, பாயின்ட்டின் ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடும் விழுந்தாலோ முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான்.

காயிலை வாங்கும்போது கையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். 12 வோல்ட் காயிலின் தடித்த கம்பிச் சுற்றில் சுமார் 3 ஓம் காட்டும், அதாவது 4 ஆம்பியர். சில கார் காயில்கள் வெளியே தனியாக ஒரு ரெசிஸ்டர் வைத்து ஓட்டச் செய்தவை, அவற்றில் 1.5 ஓம்தான் இருக்கும். அதை அப்படியே 12 வோல்ட்டில் மாட்டினால் 8 ஆம்பியர் இழுத்துப் பாயின்ட்டைக் கருக்கிவிடும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி டப்பாதான், கடைக்காரருக்கே பல சமயம் வித்தியாசம் தெரியாது. வண்டி 6 வோல்ட் என்றால் கணக்கு மாறும், அதற்கு 1.5 ஓம் சரியாகவே இருக்கும். வெளியே எடுத்துப் பார்த்தால் பிளக்கில் பொறி வருகிறது, வண்டியில் போட்டால் மிஸ்ஸிங் என்றால் குழம்ப வேண்டாம்: சிலிண்டருக்குள் அழுத்தத்தில் இருக்கும் காற்றைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் தேவை, நோஞ்சான் காயிலால் அது முடியாது.

பாயின்ட் விஷயம் வேறு, இங்கே அளவும் வடிவமும் கச்சிதமாகப் பொருந்தியே ஆக வேண்டும். 3,000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிற சாமான் இது. பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் சுழல் மேடான கேம் மேல் உரசும் ஃபைபர் குதிகால் டூப்ளிகேட்டில் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும், தேயத் தேய கேப் குறைந்து டைமிங் பின்னால் போய், அதாவது பொறி தாமதமாகி, இழுவை போய்விடும். இதைத்தான் பழைய ஸ்டாக்கில் தேட வேண்டும், உலோகமும் ஃபைபரும் பெட்டிக்குள் கெடுவதில்லை. போட்டதும் கேமில் கொஞ்சூண்டு கிரீஸ், ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் கேப்.

பாயின்ட் திறக்கிறதா என்று பார்க்க மீட்டர்கூட வேண்டாம். ஹெட்லைட் மேல் இருக்கும் அம்மீட்டரைப் பார்த்தபடி, சாவி போட்டு, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லையென்றால் காயில் வாங்க ஓடாதீர்கள், பாயின்ட் முகத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கும், துடைத்துப் பாருங்கள்.

கடைசியாக, பாயின்ட் தட்டுக்கு அடியில் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ் ஸ்பிரிங்குகள். வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க்கை முன்னே தள்ளும் எடைக்கட்டிகளை இழுத்துப் பிடிப்பவை இவைதான். காயலான் கடையில் கிடைத்த ஏதோ ஒரு ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு, அது தளர்வாகவும் இருந்துவிட்டால், ஸ்டார்ட் செய்யும்போதே ஸ்பார்க் முந்திக்கொண்டு கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் தாங்காது.