மேற்கோள் வேறு, சுட்டு வேறு

"கட்டுரையில் குறைந்தது 30 மேற்கோள்கள் இருக்க வேண்டும்" என்று ஒரு வழிகாட்டிக் குறிப்பு. ஆங்கிலத்தில் இருந்ததை யாரோ தமிழாக்கியது. அதை நம்பி ஒரு மாணவர், உயிரியல் கட்டுரை அது, பத்திக்குப் பத்தி இரட்டைக் குறி போட்டு அடுத்தவர் வாக்கியங்களை அப்படியே எடுத்து ஒட்டி, சரியாக 30 வந்ததும் நிறுத்தியிருந்தார். பிழை திருத்த என்னிடம் வந்தது. மாணவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சொன்னதைத்தானே செய்திருக்கிறார்? குறிப்பு எழுதியவர்கள் கேட்க நினைத்தது சைட்டேஷன். தமிழில் கேட்டது மேற்கோள்.

சைட்டேஷன் என்பது "இந்தக் கருத்து, இந்தத் தரவு, இந்த முறை இன்னாருடையது, வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்" என்று கைகாட்டுவது. மேற்கோள் என்பது அவர் எழுதிய சொற்களையே கொண்டுவந்து வைப்பது. இரண்டும் சேர்ந்து வரலாம். அறிவியல் துறைகளில் பெரும்பாலும் சேர்ந்து வருவதில்லை.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் சைட்டேஷனின் வினைக்கு அழைத்தல், வரவழைத்தல் என்று பொருள். நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் ஆணைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். மேற்கோளுக்கு ஆங்கிலத்தில் கொட்டேஷன்; அதன் லத்தீன் வேர் 'எத்தனை' என்ற சொல். நூலின் பகுதிகளுக்கு எண் போடுவதைக் குறித்தது. அதாவது எண் போட்டு இடம் காட்டும் வேலை முதலில் இருந்தது கொட்டேஷனிடம், இன்று இருப்பது சைட்டேஷனிடம். வேர்ச்சொல்லை மட்டும் வைத்து மொழிபெயர்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் 'மேற்கோள்' கதையும் நேராக வந்ததல்ல. கொள் என்பதிலிருந்து கோள். அளவை நூல், அதாவது தர்க்க நூல் வழக்கில் மேற்கோள் என்றால் ஒருவர் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று வரிசையாக வருமே, அங்கே மேற்கோள் அடுத்தவர் பேச்சு இல்லை, தன்னுடைய வாதம். பிறகு பொருள் மாறி, பிறர் வாசகத்தை எடுத்துக்காட்டுவது என்று நிலைத்துவிட்டது. அதில் எனக்கு வழக்கில்லை. நிலைத்த பொருளை மறுபடி இழுத்து நீட்டுவதில்தான் வழக்கு.

இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதும் இல்லை. "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்" என்கிறது நன்னூல். முன்னோர் சொன்ன பொருள் ஒன்று, அவர்களுடைய சொற்கள் இன்னொன்று. பொருளை மட்டும் எடுத்தால் அது ஒரு வகை, மொழியையே எடுத்தால் வேறு வகை. நன்னூல் எழுதிய பவணந்தியார் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பிரித்துவைத்ததை நாம் இன்று ஒரே பானையில் போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறோம். அதற்கும் முன்னால் தொல்காப்பியர் "என்மனார் புலவர்", புலவர்கள் இப்படிச் சொல்வார்கள், என்று போகிறார். அதுவும் ஒருவகைச் சைட்டேஷன்தான். யார் என்று பெயர் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் எப்படிக் குழம்பியது? என் ஊகம் இது: இலக்கிய ஆய்வில் ஒரு பாட்டைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்த அடியை எடுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். அடியும் வரும், அது எங்கே உள்ளது என்ற குறிப்பும் கூடவே வரும். அங்கே ஒரே சொல் இரண்டுக்கும் போதும். அதைத் தூக்கிக்கொண்டு கணிதத்துக்குப் போனால்? ஒரு தேற்றத்தைப் பயன்படுத்துபவர் அதை நிறுவியவர் பெயரைச் சொல்லி, கட்டுரை எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அவர் எழுதிய வாக்கியம் யாருக்கு வேண்டும்? உயிரியலில் ஒரு கரைசல் தயாரித்த முறைக்கு, ஒரு மரபணுத் தரவுக்கு எண் போடுவார்கள். அவ்வளவுதான்.

சட்டத்துறையில் இது இன்னும் தெளிவு. 1873-இல் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் அமெரிக்காவில் ஒரு வேலை தொடங்கினார்: ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் குறிப்பிட்டன, ஏற்றனவா தள்ளினவா என்று பட்டியல் போடுவது. அதைப் பார்த்துத்தான் யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் அறிவியலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று எழுதினார். 1964-இல் அந்த அட்டவணை 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்று வெளிவந்தது. இதைத் தமிழில் 'அறிவியல் மேற்கோள் அட்டவணை' என்று எழுதினால் என்ன தோன்றும்? விஞ்ஞானிகளின் பொன்மொழித் தொகுப்பு என்று தோன்றும். "இவரது கட்டுரை 400 மேற்கோள்களைப் பெற்றுள்ளது" என்பது இன்னொரு கொடுமை. இதைப் படிப்பவர், அவர் வாக்கியங்கள் 400 இடங்களில் எடுத்துப் போடப்பட்டன என்றுதான் நினைப்பார். உண்மையில் ஒரு வாக்கியம்கூட எடுக்கப்பட்டிருக்காது. அந்தப் 'பெற்றுள்ளது' தனி எரிச்சல். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைக்கு அடியில் 'மேற்கோள்கள்' என்ற தலைப்பைப் பாருங்கள்: கீழே முழுக்க நூற்பெயரும் இணைப்பும் தேதியும். ஒரு மேற்கோள் இருக்காது.

சரி, வேறு என்ன சொல்வது? 'சான்று' என்பார்கள். எனக்கும் முதலில் பிடித்திருந்தது. சாட்சியைக் கூண்டுக்கு அழைப்பது என்ற லத்தீன் பொருளுக்கும் பொருத்தம். ஆனால் ஆய்வாளர் எல்லாரையும் சாட்சிக்கா கூப்பிடுகிறார்? "இன்னார் சொன்னது தவறு" என்று மறுப்பதற்கும் அவரைக் குறிப்பிட்டுத்தான் ஆக வேண்டும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக்கூடப் பின்னால் வருபவர்கள் குறிப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவையெல்லாம் சான்றா? சான்று என்ற சொல்லில் 'இது உண்மை' என்ற தீர்ப்பு முன்கூட்டியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'உசாத்துணை' அழகான சொல், ஆனால் அது கடைசியில் வரும் நூற்பட்டியலுக்குத்தான் பொருந்தும்; வினையாக்கிப் பாருங்கள், நகராது. அலுவலகக் கடிதத்தில் வரும் 'பார்வை'யும் அப்படித்தான்.

நான் எழுதுவது 'சுட்டு'. சுட்டுதல், சுட்டிய கட்டுரை, 400 முறை சுட்டப்பட்டது, தன் கட்டுரையைத் தானே குறிப்பிட்டால் தற்சுட்டு. ஏற்கிறோமா மறுக்கிறோமா என்ற தீர்ப்பு இதில் இல்லை, விரல் நீட்டுவது மட்டும்தான். இலக்கணத்தில் அகச்சுட்டு, புறச்சுட்டு உண்டே, குழம்பாதா என்கிறார்கள். இடத்தைப் பார்த்தால் தெரியும், குழம்பாது.

உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. 'சுட்டிய கட்டுரை' கொஞ்சம் தேய்ந்தால் 'சுட்ட கட்டுரை'. பேச்சுவழக்கில் அதற்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. சைட்டேஷனுக்கு நேர் எதிரான குற்றம் அது. 'சுட்டப்பட்டது' என்பதில் ஒரு 'ட்' விழுந்தால் பாவம் அந்தக் கட்டுரை துப்பாக்கிக்கே இரையாகிவிடும். சிரிக்கட்டும். சிரித்தவர் மறக்க மாட்டார்.

அந்த மாணவரின் 30-இல் 28-க்குக் குறிகளை நீக்கி, அவர் சொற்களிலேயே எழுதச் சொல்லி, பக்கத்தில் சுட்டு எண்ணை மட்டும் விட்டோம். இரண்டு மட்டும் மேற்கோளாகவே நின்றன. இரண்டும் வரையறைகள், ஒரு சொல் மாறினாலும் பொருள் மாறிவிடும்.

சைட்டேஷனை மேற்கோள் என்று எழுதும் இதே கைகள்தான் விருதோடு வாசிக்கப்படும் சைட்டேஷனையும் 'விருது மேற்கோள்' என்று எழுதுகின்றன. பாராட்டுரை என்ற சொல் சும்மா கிடக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

ஆங்கில 'ஆத்தர்' என்பதற்கு நாம் போடும் 'ஆசிரியர்' கதையும் இதே. இயற்பியலில் 2015-இல் வந்த ஹிக்ஸ் துகளின் நிறை பற்றிய கட்டுரைக்கு 5,154 பேர் பெயர் போட்டார்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். அத்தனை பேரும் ஆசிரியர்களாம். கணிதத்தில் பெயர்கள் அகர வரிசையில் வரும், உயிரியலில் வேலை செய்தவர் முதலிலும் ஆய்வகத் தலைவர் கடைசியிலும் நிற்பார், இந்த முறைகள் எதையும் 'ஆசிரியர்' என்ற சொல் கண்டுகொள்வதில்லை. அது எழுதியவரையும் குறிக்கும், இதழ் நடத்துபவரையும் குறிக்கும், வகுப்பெடுப்பவரையும் குறிக்கும். பாயிரத்துக்கு உரிய எட்டில் 'ஆக்கியோன் பெயர்' என்று நன்னூல் சொல்கிறது. ஆக்கியோர் என்று எழுதினால் யார் அடிக்கப் போகிறார்கள்? போன வாரம் பார்த்த ஒரு வாக்கியம்: "ஆசிரியர் கேட்ட திருத்தங்களை ஆசிரியர் செய்து அனுப்பியதும் ஆசிரியர் குழு ஏற்றது." யார் யாரிடம் கேட்டார் என்று பார்க்க ஆங்கில மூலத்தைத் திறக்க வேண்டியிருந்தது.