விடிவதற்குள் ஏன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார்கள்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு விடியற்காலை என்றாலே வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுதான் நினைவுக்கு வரும். அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர வரிசையான நிரைக்குள் நுழையும்போது பக்கத்து மரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. இந்த இருட்டில் ஏன் போகணும் என்று கேட்டால், "வெயில் ஏறுனா மரம் பால் குடுக்காதுய்யா" என்பார். அது அப்படியே தாவரவியல் என்று பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது.

வேர் உறிஞ்சும் தண்ணீர் மரத்தின் கட்டைக்குள் ஏறுகிறது. பால் இருப்பதோ பட்டைக்குள், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்களில். இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் நீர் ஆவியாவது குறையும். வேர் இழுத்த நீர் பட்டை வரை ஊறி, அந்தக் குழாய்கள் விம்மி நிற்கும். விடியலுக்கு முன் அவற்றுக்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 10 மடங்கு. கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பால் வெட்டும் உளி பட்டதும் வெள்ளை முத்துகள் வரிசையாகப் பொங்கி, ஒன்றாகச் சேர்ந்து கோட்டில் ஓடுவது இந்த அழுத்தத்தால்தான். வெயில் ஏறியதும் இலைகள் தண்ணீரை மேலே இழுக்கும், குழாய்கள் தளர்ந்துவிடும்.

வெட்டும் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். பால் குழாய்கள் மேலே போகப் போக வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதற்குக் குறுக்கே வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும். கட்டையை ஒட்டிய பட்டையில்தான் குழாய்கள் நெருக்கம், ஆனால் உளி கட்டையைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்தக் கடைசி ஒரு மில்லிமீட்டரை இருட்டில், கை உணர்விலேயே விட்டுவைத்த அம்மாவின் திறமையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

ரப்பர் மரம் அமேசான் காட்டுக்குச் சொந்தம். ஹென்றி விக்ஹாம் 1876இல் அங்கிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன, சில மலாயாவின் கோலகங்சாரில் நடப்பட்டன. அமேசானில் கோடரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். ஒரே வெட்டை மெல்லியதாகச் சீவிச் சீவித் திறந்தால் மரமும் பிழைக்கும், பாலும் கூடும் என்று காட்டியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி.

சரி, ஓடும் பால் சில மணி நேரத்தில் தானே நின்றுவிடுகிறதே? பாலில் மிதக்கும் நுண்ணிய பைகள் வெட்டுவாயில் உடையும். அவற்றிலிருந்து வெளிவரும் பொருள்கள் ரப்பர்த் துகள்களைத் திரளவைத்துக் குழாயின் வாயை அடைத்துவிடும், காயத்தில் ரத்தம் உறைவதுபோல. மறுநாள் வெட்டில் நாடாவாக ஒட்டியிருப்பது கோட்டுப்பால். அதை உரித்துச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கி லயத்துச் சுவரில் அடித்து விளையாடியிருக்கிறோம்.

மழை பெய்த இரவுக்கு மறுநாள் பட்டை ஈரமாக இருக்கும். வெட்டினால் பால் கோட்டில் நிற்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகும், அதனால் காயும்வரை காத்திருக்க வேண்டும். அம்மா உள்ளங்கையைப் பட்டையில் வைத்துப் பார்ப்பார், பிறகு கிழக்கே வெளுக்கும் வானத்தைப் பார்ப்பார். பட்டை காய்வதற்குள் வெயில் ஏறிவிட்டால், அன்றைக்கு வாளியில் பால் குறையும்.