லைட் அணையவே இல்லையா? ஃபார்மேட் போடாதீர்கள்

போன வாரம் ஒரு டிடிபி கடைக்காரர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஒன்பது வருட டிசைன் அத்தனையும் அதில்தான். "ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணே, ஹார்ட் டிஸ்க் லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. மூணு மாசத்துல ரெண்டு தடவ ஃபார்மேட் போட்டாச்சு, இன்னொரு தடவ போட்டுக் குடுத்துருங்க" என்றார். ஆன் செய்து காதைப் பக்கத்தில் வைத்தேன். டக், டக். ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கும் சத்தம். உடனே பவர் கார்டைப் பிடுங்கிவிட்டேன். அவருக்குக் கோபம்.

இந்த வருடம் இப்படி எத்தனை பேர் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஃபார்மேட் எல்லா நோய்க்கும் மருந்து என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு செக்டார், அதாவது டேட்டா எழுதும் ஒரு சின்னக் கட்டம், கெட்டுப்போனால், டிஸ்க் அதைப் படிக்கத் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டே இருக்கும். அதுவரை விண்டோஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஃபார்மேட் போட்டதும் ஒரு வாரம் நன்றாக ஓடுகிறதே என்பீர்கள். புது விண்டோஸில் கூடவே கிளம்பும் புரோகிராம்கள் குறைவு, ஃபைல்களும் வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். கெட்ட இடம் கெட்டபடியேதான் இருக்கிறது. நீங்கள் போடும் குயிக் ஃபார்மேட் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மீது புதிதாகப் பல ஜிபி எழுதியதுதான் மிச்சம். "என் டேட்டா டி டிரைவ்ல பத்திரமா இருக்கு, சி மட்டும்தானே" என்றும் சொல்கிறார்கள். பெரும்பாலான வீட்டு சிஸ்டங்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அறைதான் இரண்டு, கூரை ஒன்று.

லைட் எரிந்தாலே டிஸ்க் செத்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதம், மெமரியும் 90ஐத் தாண்டி நிற்கிறது என்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 10, குரோமில் முப்பது டேப் என்றால் டிஸ்க்தான் ரேம் வேலையையும் சேர்த்துப் பார்க்கும். விண்டோஸ் அப்டேட்டோ, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஸ்கேனோ ஓடினால் ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள், தானாக அடங்கும். வைரஸ் பயத்தில் இரண்டாவதாக ஒரு ஆன்டிவைரஸ் போடாதீர்கள், தயவுசெய்து. ஒரே ஃபைலை இரண்டும் மாறி மாறிச் சோதித்தால் டிஸ்க் என்ன செய்யும்?

ஆனால் 100 சதவீதம் காட்டிக்கொண்டே வேகம் நொடிக்கு ஒரு எம்பிகூட இல்லை, ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லி செகண்டில் நிற்கிறது என்றால் உஷார். நல்ல டிஸ்க்கில் சாதாரணமாக அது பத்து இருபதுதான். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராம் இலவசம், போட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம் வந்தால் அன்றைக்கே காப்பி எடுக்க வேண்டும். அதில் கெட்ட செக்டார்களைக் கணக்கெடுக்கும் 05, சி5, சி6 என்ற வரிசைகளில் பூஜ்யம் இருப்பதுதான் நல்லது. (எண்கள் ஹெக்ஸில், அதாவது பதினாறு பதினாறாக எண்ணும் முறையில் வரும், 10 என்றால் 16. இதில் ஏமாந்த டெக்னீஷியன்களும் உண்டு.) சி7 வரிசை மட்டும் ஏறிக்கொண்டே போனால் முதலில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். அந்தச் சின்ன கேபிளுக்காக நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

காப்பி எடுக்காமல், விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் (chkdsk) கட்டளையை ஸ்லாஷ் ஆர் (/r) போட்டு ராத்திரி முழுக்க ஓட விடாதீர்கள். அது ஒவ்வொரு செக்டாராகப் படிக்கும். முட்டி தேய்ந்தவரை மலையேறச் சொல்வது மாதிரி. டக் டக் சத்தம் கேட்டால் காப்பிகூட வேண்டாம், உடனே ஆஃப் செய்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டு போங்கள்.

டிடிபி கடைக்காரருக்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் தட்டே இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். விண்டோஸ் சட்டென்று எழுந்ததும் முகம் மலர்ந்தது. பழைய டிஸ்க்கை ரெக்கவரிக்கு அனுப்பியிருக்கிறோம். இரண்டு ஃபார்மேட்டுக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கிளம்பும்போது, "அது திரும்பி வந்தா பேக்கப்புக்கு வச்சுக்கலாமாண்ணே?" என்று கேட்டார்.

வேண்டாம்ணே.