டெக்னோபோலிஸ்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

டெக்னோபோலிஸ்னா பெரிய சைஸ் ஐடி பார்க்னுதான் பலரும் நினைச்சுக்கறாங்க, கண்ணாடி பில்டிங், கேட்ல செக்யூரிட்டி, கழுத்துல டேக், அவ்ளோதான். வேர் வேற இடத்துல இருக்கு. கிரேக்கத்துல டெக்னேன்னா கைத்திறன், போலிஸ்னா தன்னைத்தானே ஆண்டுக்கற நகரம் (நம்ம போலீஸ், பாலிடிக்ஸ் எல்லாம் அதோட வாரிசுங்கதான்). ஆக, டெக்னோபோலிஸ்னா கைத்திறனால வாழற முழு நகரம். டெக்னேவோட பங்காளி டெக்டோன், அதாவது மரவேலைக்காரன், சமஸ்கிருதத்துல தக்ஷன், அப்படியே நம்ம தச்சன் வரைக்கும் வந்துடுது.

இதை அரசாங்கத் திட்டத்துக்கே பேரா வச்சது ஜப்பான். எல்லாமே டோக்கியோ பக்கமா போய் குவியுதேன்னு 1983ல டெக்னோபோலிஸ் சட்டம் போட்டு, தள்ளி இருக்கற ஊர்களா பாத்து மொத்தம் 26 இடத்தை தேர்ந்தெடுத்தாங்க, பக்கத்துல தாங்கிப் பிடிக்க ஒரு பெரிய ஊர், அதாவது தாய்நகரம் வேணும், இன்ஜினியரிங் சொல்லித்தர யுனிவர்சிட்டி வேணும்னு கண்டிஷன் வேற. கியூஷூ தீவுக்கு சிப் ஃபேக்டரிங்க நல்லாவே வந்துச்சு, ஆனா ஆராய்ச்சியும் முடிவெடுக்கறதும் பெரும்பாலும் தலைநகர் பக்கமே தங்கிடுச்சு. 1998ல சட்டத்தையே தூக்கிட்டாங்க. டெக்னே வந்துச்சு, போலிஸ் வரல, அவ்ளோதான் என் கணக்கு.

ரெண்டும் சேர்ந்து வந்த ஊர் பின்லாந்துல இருக்கற ஊலு. ஹெல்சின்கிக்கு வடக்க சுமார் 600 கி.மீ, ஒரு காலத்துல பைன் மரத்துல இருந்து எடுத்த தாரை கப்பல்ல ஏத்தி வித்த ஊரு. 1958ல யுனிவர்சிட்டி, 1982ல டெக்னாலஜி கிராமம், அதை நடத்தின கம்பெனிதான் பின்னாடி டெக்னோபோலிஸ்னே பேர் வச்சுக்கிச்சு. அந்த யுனிவர்சிட்டி புரொபசர் செப்போ சைனாயகங்காஸ் 1977ல பக்கத்து கெம்பெலேல ஆரம்பிச்ச கம்பெனிதான் போலார்: அவங்க பொருள்ல நெஞ்சுல கட்டின பட்டை இதயத்துடிப்பை பிடிச்சு வயர் இல்லாம கையில இருக்கற வாட்சுக்கு அனுப்பும், ஓட்டக்காரங்க இன்னிக்கும் கட்டிக்கறாங்களே அதேதான். சாட்டிங்குக்கெல்லாம் தாத்தாவான ஐஆர்சியும் (இன்டர்நெட் ரிலே சாட்) 1988ல இதே யுனிவர்சிட்டில பிறந்ததுதான். நோக்கியா போன் பிசினஸை வாங்கின மைக்ரோசாஃப்ட் 2014ல ஊலு யூனிட்டை மூடறோம்னு சொன்னப்போ ஊரே காலியாகிடும்னு தோணியிருக்கும், ஆனா வேலை தெரிஞ்ச ஆளுங்க அங்கேயே இருக்காங்கன்னு தைவானோட சிப் கம்பெனி மீடியாடெக் தேடி வந்து ஆபீஸ் போட்டுச்சு.

சரி, தமிழுக்கு வருவோம். தொழில்நுட்பப் பூங்கா பொருந்தாது, அது டெக் பார்க்குக்கு போயாச்சு, சாயங்காலம் ஆனா பூட்டிட்டு போற இடம். தொழிற்பேட்டை நல்ல சொல்தான், ஆனா தமிழ்நாடு அரசோட சிட்கோ அதை எப்பவோ எடுத்துக்கிச்சு. மாநகர், பெருநகர் வரிசையில நுட்பநகர்னு வச்சுக்கலாம், என் ஓட்டு இதுக்குத்தான். ஒரே சொல்லா சேர்த்தே எழுதுங்க, பிரிச்சு எழுதினா ஏதோ புது லேஅவுட் விளம்பரம் மாதிரி இருக்கு.