என்எம்எம்எஸ் உதவித்தொகை: பட்டியலில் பெயர் வந்தும் பணம் வராமல் போவது எங்கே?

அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை என்எம்எம்எஸ், அதாவது தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்பு உதவித்தொகைக்கான ஒரே ஒரு தேர்வில் தேர்வானால் போதும். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2008-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. ஆண்டுதோறும் நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்குத் தருகிறார்கள். அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். பின்னணி இவ்வளவு போதும்.

சொல்ல வேண்டியது வேறு. பிள்ளை ராப்பகலாகப் படித்துத் தேர்வாகிறது. பட்டியலில் பெயர் வருகிறது, பள்ளி வாசலில் பேனர்கூட வைக்கிறார்கள். ஆனால் ஒரு ரூபாய்கூடக் கணக்கில் ஏறுவதில்லை. காரணம் கேட்டால் ஒரு எழுத்துப் பிழை, ஒரு தவறிய தேதி, யாருடையதோ ஒரு செல்போன் எண். இதில் எதுவும் பிள்ளையின் குற்றமில்லை. ஆனால் இழப்பு முழுக்கப் பிள்ளைக்குத்தான்.

யார் எழுதலாம்

குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 50. தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா மாணவர்களுக்கு இடமில்லை.

முதல் பொறி இந்த மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. “எட்டாவது வரைக்கும் யாரும் ஃபெயில் இல்லையே” என்று ஏழாம் வகுப்பு ஆண்டுத் தேர்வை வீட்டில் யாரும் பொருட்படுத்துவதில்லை. உறவினர் கல்யாணம், ஊர்த் திருவிழா என்று பரீட்சைக்கே அனுப்பாதவர்களும் உண்டு. எட்டாம் வகுப்பின் முடிவிலும் அதே 55 விழுக்காடு கேட்பார்கள். உதவித்தொகைத் தேர்வை எழுதி முடித்ததும் ஆண்டுத் தேர்வைக் கைவிட்டால், முன்பு எடுத்த மதிப்பெண் அத்தனையும் வீண்.

விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக மட்டுமே போகும். பெற்றோர் நேரடியாக அனுப்ப முடியாது. கட்டணம் 50 ரூபாய். சில பள்ளிகளில் “நல்லா படிக்கிற நாலு பேர் எழுதினா போதும்” என்று அவர்களே வடிகட்டிவிடுகிறார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. தகுதியுள்ள எந்தப் பிள்ளையும் எழுதலாம். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே வகுப்பாசிரியரிடம் போய்க் கேளுங்கள். அறிவிப்பு வந்த பிறகு கிடைப்பது சில வாரங்கள்தான்.

வீட்டில் செய்யக்கூடியது

தேர்வில் இரண்டு தாள்கள். மனத்திறன் தேர்வில் 90 கேள்விகள், படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியையும் வெறுமையாக விட்டுவரக் கூடாது. இதைப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

படிப்பறிவுத் தாள் 7, 8-ஆம் வகுப்புப் பாடங்களிலிருந்து வரும்: அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய வேலை செய்யும். ஏழாம் வகுப்பின் மூன்று பருவப் புத்தகங்களையும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடாதீர்கள். வெப்பம், மின்னோட்டவியல், அணு அமைப்பு, பிற்காலச் சோழர், டெல்லி சுல்தானியம், நேர் மற்றும் எதிர் விகிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. பாடத்துக்கு நடுவே கட்டத்துக்குள் தரும் செய்திகள், படத்துக்குக் கீழே உள்ள வரிகள், அட்டவணைகள் ஆகியவற்றையும் படிக்க வேண்டும். பெற்றோருக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ஒரு பக்கத்தைப் பிள்ளையை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, புத்தகத்தை நீங்கள் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்தே ஐந்து கேள்வி கேளுங்கள். அதற்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும்.

மனத்திறன் தாளில் எண் தொடர், ஒப்புமை, பொருந்தாததைக் கண்டுபிடித்தல், மறைந்திருக்கும் உருவம் போன்றவை வரும். இவற்றுக்குப் பாடப்புத்தகம் கிடையாது, பழக்கம் மட்டுமே. பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போடச் சொல்லுங்கள். விடை தெரியாமல் தோற்பவர்களைவிட, முதல் முப்பது கேள்வியிலேயே ஒரு மணி நேரத்தைக் கரைத்துவிட்டுத் தோற்பவர்கள் அதிகம்.

தேர்ச்சி பெற இரு தாள்களும் சேர்த்து 40 விழுக்காடு வேண்டும், அதாவது 180-க்கு 72. எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 32 விழுக்காடு. ஆனால் தேர்ச்சி வேறு, தேர்வுப் பட்டியல் வேறு. 72 எடுத்ததும் பணம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 6,695 இடங்களுக்குள் தரவரிசையிலும் இடஒதுக்கீட்டிலும் வர வேண்டும். சாதிச் சான்றிதழ் எடுக்காமல் விட்டால் சலுகை கேட்க வழியில்லை.

பணம் தொலையும் இடம்

நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். முடிவு வரும் நேரத்தில் பிள்ளை டிசி வாங்கிக்கொண்டு வேறு உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருக்கும். உதவித்தொகைக்கான உண்மையான விண்ணப்பம் அதற்குப் பிறகுதான், ஒன்பதாம் வகுப்பில், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் போட வேண்டும். புதிய பள்ளிக்கு இந்தப் பிள்ளை தேர்வானதே தெரியாது. பழைய பள்ளிக்கோ பிள்ளை தன் கையை விட்டுப் போய்விட்டது. “அங்க போய்க் கேளுங்க”, “இங்க இல்லம்மா, பழைய ஸ்கூல்ல கேளுங்க” என்று நடக்க விடுவார்கள். அதற்குள் கடைசித் தேதி போய்விடும். அந்த ஆண்டு புதிய விண்ணப்பம் போடாவிட்டால் பத்தாம் வகுப்பில் போட முடியாது. நான்கு ஆண்டுப் பணமும் போச்சு. எனவே பழைய பள்ளியிலிருந்து தேர்வுப் பட்டியலின் நகலையும் தேர்வுப் பதிவெண்ணையும் வாங்கி, புதிய பள்ளியில் சேர்க்கும் அன்றே தலைமையாசிரியர் கையில் கொடுங்கள். தனியார் பள்ளியில் சேர்த்தால் உதவித்தொகை அதோடு நின்றுவிடும்.

விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் போட்டால் ஒன்றில் விழிப்பாக இருங்கள். அவசரத்துக்கு அவர்கள் தங்கள் செல்போன் எண்ணைப் போட்டுவிடுவார்கள். பிறகு ஓடிபி எல்லாம் அவர்களுக்குத்தான் போகும். அடுத்த ஆண்டு கடையே இல்லாமல் போனால் உங்களால் உள்ளேயே நுழைய முடியாது. உங்கள் எண்ணையே கொடுங்கள், நான்கு ஆண்டுக்கு அதை மாற்றாதீர்கள். இணையதளம் தரும் ஒருமுறைப் பதிவு எண்ணையும் (ஓடிஆர்) கடவுச்சொல்லையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

பள்ளியைப் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே பெயரில் பல அரசு உயர்நிலைப் பள்ளிகள் இருக்கும். தலைமையாசிரியரிடம் பள்ளியின் அடையாள எண்ணான 11 இலக்க யூடைஸ் எண்ணைக் கேட்டு அதை வைத்துத் தேடுங்கள்.

விண்ணப்பித்ததோடு வேலை முடியவில்லை. முதலில் பள்ளி சரிபார்க்க வேண்டும், பிறகு மாவட்ட அளவில் சரிபார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று தேங்கினாலும் பணம் வராது. தலைமையாசிரியர் மாறுதலில் போய், புதியவர் இணையதளத்தில் தம் பதிவை முடிக்காமல் இருப்பார். விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தாலும் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பாருங்கள். “அனுப்பிட்டோம்” என்ற வாய்ச்சொல் எதற்கும் ஆதாரமல்ல.

பெயரும் வங்கிக் கணக்கும்

நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. பள்ளிப் பதிவில் “ச. கவிதா”, ஆதாரில் “கவிதா சண்முகம்”, பாஸ்புக்கில் “கவிதா எஸ்” என்று மூன்று விதமாக இருந்தால் கணினிக்கு அவை மூன்று ஆட்கள். எட்டாம் வகுப்பு தொடங்கும்போதே ஆதார், பள்ளி எமிஸ் பதிவு (கல்வித் துறையின் மாணவர் தகவல் பதிவு), பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். குழந்தையாக இருந்தபோது எடுத்த ஆதாரை இன்னும் புதுப்பிக்காமல் வைத்திருந்தால் உதவித்தொகை இணையதளப் பதிவில் கேட்கும் முக அடையாளச் சரிபார்ப்பு தோற்றுப்போகும். இப்போதே புதுப்பித்துவிடுங்கள். 15 வயதில் இன்னொரு முறை கைரேகை புதுப்பிக்க வேண்டும். 15 முதல் 17 வயதுக்குள் அது இலவசம்.

கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். வங்கியில் “ஆதார் லிங்க் ஆகிடுச்சு” என்பார்கள். அது பெரும்பாலும் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பு மட்டும்தான். அரசுப் பணம் ஏறுவதற்குத் தனியாக டிபிடி (நேரடிப் பணப் பரிமாற்ற) இணைப்பு தேவை. அதற்கென்று படிவம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மைஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி, செயலில் இருக்கிறதா என்று தெரியும். பிள்ளைக்கு இரண்டு கணக்கு இருந்தால் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். வரவில்லை என்று அலைவதற்கு முன் அதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டு வரவு செலவே இல்லாத கணக்கு முடங்கிவிடும். அவ்வப்போது நூறு ரூபாயாவது போட்டு எடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும்

புதுப்பிப்பு விண்ணப்பத்தை ஆண்டுதோறும் போட வேண்டும், தானாகத் தொடராது. ஒன்பதிலும் பதினொன்றிலும் முதல் முறையிலேயே தேர்ச்சி, பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு, அதாவது 500-க்கு 300 வேண்டும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு ஐந்து விழுக்காடு தளர்வு. பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ சேர்ந்தால் மீதி இரண்டு ஆண்டுப் பணம் கிடைக்காது. சேர்வதற்கு முன் அந்த 24,000 ரூபாயையும் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.