பிரேக் டிராக்: தமிழில் ‘விடாப்பிடி’

பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பேடு, அதாவது உராய்வுக் கட்டை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் பிரேக் டிராக். பிரேக் பிடிக்காமல் போவது வேறு, இது பிடித்ததை விடாமல் இருப்பது. பிடிக்கவில்லை என்றால் ஓட்டுபவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். விடவில்லை என்றால் மாதக்கணக்கில்கூடத் தெரியாமல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆங்கில ‘டிராக்’குக்கு அடிப்படைப் பொருள் இழுப்பது. பழைய நார்ஸ் மொழியின் ‘டிராகா’ இதற்கு உறவு. ‘டிரா’ என்ற ஆங்கில வினையும் அதே வேரில் வந்ததுதான். குதிரை வண்டிக் காலத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சரிவில் இறங்கும்போது சங்கிலியில் கட்டிய இரும்புக் கட்டை ஒன்றைச் சக்கரத்தின் அடியில் கொடுப்பார்கள். சக்கரம் சுழலாமல் அந்தக் கட்டையோடு தரையில் தேய்ந்துகொண்டே வரும், வண்டியின் வேகம் அடங்கும். அந்தக் கட்டைக்கும் டிராக் என்றுதான் பெயர். அன்றைக்கு வண்டியை அடக்கிய கருவி, இன்றைக்கு பிரேக்கின் கோளாறு! பிரிட்டனில் இதே கோளாறை ‘பைண்டிங்’, அதாவது கட்டிக்கொள்வது, என்றும் சொல்வதுண்டு.

தமிழில் இதை ‘பிரேக் இழுவை’ என்று எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். ‘பிரேக் போட்டா ஒரு பக்கமா இழுக்குது’ என்பது பட்டறையில் வேறொரு புகார். பழுதான வண்டியைக் கட்டி இழுப்பதும் இழுவைதான். ‘பிரேக் உராய்வு’ இன்னும் மோசம், ஏனென்றால் உராய்வதுதான் பிரேக்கின் வேலையே. பிரேக்குக்கு நாம் வழக்கமாகச் சேர்க்கும் வினை ‘பிடி’: பிரேக் பிடித்தான், பிரேக் பிடிக்கவில்லை. அப்படியானால் பிடித்ததை விடாமல் இருப்பதற்கு ஒரு சொல் ஏற்கெனவே கையில் இருக்கிறது: விடாப்பிடி. ‘விடாத’ என்பதன் ஈறு கெட்டு ‘விடா’ ஆகிறது, அதனால்தான் நடுவில் ‘ப்’ மிகுகிறது. பிடிவாதக்காரர்களுக்குச் சொல்கிற சொல்தான், பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. பிரேக் என்பதை அப்படியே விட்டுவிடலாம். ‘பிரேக் விடாப்பிடி’ என்றால் யாருக்கும் புரியும்.

இதிலும் ஒரு பிரிவினை தேவை. டிஸ்க் பிரேக்கில் பேடு லேசாகத் தொட்டுக்கொண்டிருப்பது இயல்பு. டிரம் பிரேக்கில் ஷூ என்ற உராய்வுக் கட்டையைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் உண்டு. பெரும்பாலான காலிப்பர்களில் பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கு அப்படி எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்தான் அந்த வேலையைச் செய்கிறது. மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து சற்றே வளையும், காலை எடுத்ததும் பழைய வடிவுக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துவிடும். அதன் பிறகும் மிஞ்சும் லேசான தொடுகையை எச்சப்பிடி என்று சொல்லிக்கொள்வோம். அது அளவு மீறும்போதுதான் விடாப்பிடி.

மின்சார காரில் இந்தச் சொல்லுக்கு வேலை கூடுதல். வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே மின்னாக்கியாக மாறிப் பார்த்துக்கொள்கிறது. பேடும் டிஸ்க்கும் சும்மாவே கிடக்கின்றன. ஈரம் பட்டு டிஸ்க் துருவேறும், காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் இறுகும், பேடின் காது (முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) தாங்கியில் ஒட்டிக்கொள்ளும். நஷ்டம் நேராக பேட்டரியில் தெரியும். 0.32 மீட்டர் ஆரமுள்ள சக்கரம் ஒன்றில் 5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை விடாமல் நின்றால் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.43 கிலோவாட் மணி வீண். நாலு சக்கரத்திலும் அப்படியென்றால் 1.7. நூறு கிலோமீட்டருக்கு 16, 17 கிலோவாட் மணி செலவழிக்கும் காரில் இது பத்தில் ஒரு பங்கு.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி அமுங்குகிறதே, அதுவா இது? இல்லை, அது மோட்டாரின் வேலை. காலியான, சமமான சாலையில் நியூட்ரலில் உருளவிட்டுப் பாருங்கள். அப்போதும் சீக்கிரம் நின்றால் சந்தேகப்படலாம். அப்புறம், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் ஒரே அச்சின் இரண்டு டிஸ்க்குகளையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் ஆள் அகப்பட்டாயிற்று. கையால் தொட்டுப் பார்க்கும் வீரமெல்லாம் வேண்டாம்.

சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வண்டியைத் தூக்கும்போது ஜாக்கியைக் குறித்த இடத்தில்தான் வைக்க வேண்டும், அடியில் பேட்டரி இருக்கிறது. மோட்டாரோடு இணைந்த சக்கரத்தைச் சுற்றினால் மோட்டாரும் கியரும் சேர்ந்து கனக்கும். அதைக் கோளாறென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பரின் காற்று நீக்கும் திருகை லேசாகத் திறப்பதுதான் எனக்குப் பிடித்த சோதனை. கொஞ்சம் பிரேக் எண்ணெய் பீய்ச்சி சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்: உள்ளே ஊதிப்போன பழைய எண்ணெய்க் குழாய் (ஓஸ்), அல்லது மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் ஏதோ. விடுபடவில்லையா? அப்படியானால் ஸ்லைடு பின், பிஸ்டன், பேடின் காது இவற்றில்தான் எங்கோ இறுகியிருக்கிறது. பின் சக்கரமென்றால் மின் பார்க்கிங் பிரேக்கின் மோட்டார் முழுதாகப் பின்வாங்கியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பல நேரங்களில் துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்து, ஸ்லைடு பின்னுக்குப் பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறையை மாற்றினாலே வேலை முடிந்துவிடும். சாதாரண மினரல் கிரீஸ் கூடாது, ரப்பர் ஊதி, இறுகியது மறுபடி இறுகும். பிஸ்டன் உடம்பிலேயே துரு குழி பறித்திருந்தால் காலிப்பரை மாற்றிவிடுவது மேல். மின் பார்க்கிங் பிரேக் உள்ள காலிப்பரின் பிஸ்டனை அழுத்துவதற்கு முன் வண்டியைப் பராமரிப்பு நிலைக்கு (அந்த மோட்டார் பின்வாங்கியிருக்கும் நிலை) கொண்டுவராவிட்டால் மோட்டார் சேதமாகலாம்.

வேலைச் சீட்டில் எழுதும்போது எந்தச் சக்கரம், எதனால் என்பதையும் சேர்த்துவிடுங்கள்: ‘பின் வலது விடாப்பிடி, கீழ் ஸ்லைடு பின் இறுக்கம்’.